ஓடர் என்னும் சிற்றாறு



ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் ஆறுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நைல், அமேசான், கங்கை என்று பெரிய பெரிய பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "சார், சின்ன ஆற்றுக்கெல்லாம் வரலாறு கிடையாதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறுவனுடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடுகிறது. அவனுடைய பாட்டி துணி துவைத்ததும், தாத்தா மீன் பிடித்ததும் அந்த ஆற்றில்தான். எந்தப் பாடப் புத்தகத்திலும் அதன் பெயர் இல்லை.

அவனுக்கு விடை சொல்லும் வகையில் இன்று ஒரு சிறிய ஆற்றின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன். அது ஜெர்மனி நாட்டில், ஒரு காட்டு மலையில் பிறக்கும் ஆறு. அதன் முழு நீளமே ஏறத்தாழ 56 கிலோமீட்டர்தான். அதன் கரையில் மாநகரம் எதுவும் இல்லை. பெரும்போர் எதுவும் அதன் பெயரால் நடக்கவில்லை. ஆயினும் அந்த ஆற்றின் தண்ணீரை நம்பி ஓர் ஊரே சுமார் நானூறு ஆண்டுகள் உழைத்து வாழ்ந்தது. எப்படி என்று காண்போம்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஹார்ட்ஸ் என்றொரு மலைத்தொடர் உண்டு. அதன் மிக உயர்ந்த சிகரம் பிராக்கன். உயரம் 1,141 மீட்டர். நமது கேமரன் மலையைவிடத் தாழ்ந்ததுதான். ஆனால் குளிர்காலத்தில் அங்கே பனி ஆளுயரத்துக்குக் கொட்டும். மழையும் பனியுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் நீர் அந்தச் சிகரத்தில் விழுகிறது. சுற்றியுள்ள சமவெளிகளில் விழுவதைப் போல் இது பல மடங்கு. ஆகவே ஹார்ட்ஸ் மலையிலிருந்து எல்லாத் திசைகளிலும் சிற்றாறுகள் இறங்கி ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றுதான் ஓடர். போலந்து நாட்டின் எல்லையில் ஓடுகிற பெரிய ஆற்றுக்கும் ஓடர் என்றே பெயர். அதனோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது அதன் பெயரை மட்டும் கொண்ட சிறிய ஆறு.

பிராக்கனுக்குத் தென்மேற்கே உள்ள உயரமான சதுப்பு நிலத்தில் இந்த ஆறு பிறக்கிறது. அங்குள்ள பாசியும் மட்கிய புல்லும் பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கசியவிடும். அந்தத் தண்ணீர் நமது வீட்டில் போடும் வெறுந்தேநீரைப் போலப் பழுப்பு நிறமாக இருக்கும். அழுக்கினால் வந்த நிறமன்று. மட்கிய செடிகளின் சாயம் அது. கருங்கல் பாறைகளுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் இடையே அந்தப் பழுப்புநீர் இறங்கி வருகிறது.

இந்தக் காட்டுக்கு ஏன் மனிதர்கள் வந்தார்கள்? அந்த உயரத்தில் கோதுமை நன்றாக விளையாது. குளிரோ கடுமை. ஆனால் பாறைக்குள் வெள்ளி இருந்தது. ஆற்றுக்கு மேற்கே ஆந்திரியாஸ்பர்க் என்னும் ஊர் வெள்ளிக்காகவே உண்டானது. 1521-ஆம் ஆண்டில் அந்தப் பகுதியின் பிரபுக்கள், சுரங்கம் வெட்ட வருபவர்களுக்குப் பல சலுகைகள் தருவதாக அறிவித்தார்கள். அதைக் கேட்டு வேறு மலைநாடுகளிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். நல்ல வாழ்வு கிடைக்கும் என்ற சொல்லை நம்பித் தொலைவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் கதை நமக்கு விளங்காத கதையன்று. அதே 1521-இல்தான் சாம்சன் என்னும் சுரங்கமும் தோண்டத் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் அது 810 மீட்டர் ஆழம்வரை இறங்கி, அந்நாளில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். சுரங்கத்துக்கு முதல் பகை தண்ணீர். தோண்டத் தோண்டப் பாறை இடுக்குகளிலிருந்து நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இறைக்காமல் விட்டால் சில நாட்களில் சுரங்கம் மூழ்கிவிடும். நீராவி இயந்திரமும் மின்சாரமும் இல்லாத காலம் அது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து ஆள்பலத்தால் மட்டும் நீரை இறைக்க முடியாது. அப்படியானால் என்ன செய்வது? மலைமேல் ஓடும் நீரைக் கொண்டுவந்து ஒரு பெரிய சக்கரத்தின்மேல் விழச் செய்தார்கள். சக்கரம் சுழன்றது. அதனோடு இணைத்த நீண்ட மரத்தண்டுகள் மேலும் கீழும் அசைந்து, ஆழத்தில் இருந்த நீரை அடுக்கடுக்காக மேலே ஏற்றின. நீரைக் கொண்டே நீரை வென்றார்கள். நமது பேராக் மாநிலத்து ஈயச் சுரங்கங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் இதே கருத்தைத்தான் கையாண்டார்கள். நீர்ச்சக்கரத்தோடு இணைந்த மரச்சங்கிலிப் பலகைகள் குழியிலிருந்த நீரை இழுத்து வெளியேற்றின. ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஒரே தொல்லைக்கு ஒரே வழியைக் கண்டார்கள்.

ஆனால் சக்கரம் ஓய்வில்லாமல் சுழல வேண்டுமானால் மேலிருந்து நீரும் ஓய்வில்லாமல் வர வேண்டும். ஆந்திரியாஸ்பர்க் ஊருக்கு அருகில் போதிய நீர் இல்லை. நீர் இருந்த இடம் ஓடர் ஆறு. அதுவோ மலைக்கு அப்பால் ஆழமான பள்ளத்தாக்கில் ஓடியது. எனவே ஆற்றின் மேற்பகுதியிலேயே நீரைப் பிடித்து, மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். முதலில் வெட்டிய வாய்க்கால் திருப்தியாக அமையவில்லை. பிறகு 1699 முதல் 1703 வரை, பாறையைக் குடைந்து புதிய வாய்க்கால் ஒன்றை அமைத்தார்கள். அதற்கு ரேபெர்க் வாய்க்கால் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்.

தோட்டத்தில் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். சரிவு கூடினால் நீர் கரையை அரித்துக்கொண்டு ஓடும். சரிவு குறைந்தால் நீர் தேங்கி நிற்கும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய சரிவை, 7 கிலோமீட்டர் தூரத்துக்கு, செங்குத்தான மலைப்பாறையில், உளியாலும் சம்மட்டியாலும் வெடிமருந்தாலும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். அதை அவர்கள் செய்து முடித்தார்கள். குளிர்காலத்தில் பனி விழுந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, வாய்க்காலின் மேல் கற்பலகைகளும் மரமும் தழையும் போட்டு மூடினார்கள். வாய்க்காலைக் காப்பதற்கென்றே காவலர் ஒருவர் மலைமேல் குடியிருந்தார். விழுந்த கிளையை அகற்றுவதும், உடைப்பை அடைப்பதும், உறைந்த பனியை உடைப்பதும் அவர் வேலை. அவர் ஒருநாள் தவறினால் கீழே சக்கரம் நிற்கும். சக்கரம் நின்றால் சுரங்கத்தில் நீர் ஏறும். பல நூறு பேரின் பிழைப்பு அந்த ஒருவரின் நடையில் இருந்தது.

வாய்க்கால் வெட்டியும் ஒரு குறை தீரவில்லை. கோடையில் மழை தவறினால் ஆற்றிலேயே நீர் இராது. ஆகவே 1715-ஆம் ஆண்டில் ஓடர் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டத் தொடங்கி 1722-இல் முடித்தார்கள். இதுவே ஓடர் ஏரி. ஹார்ட்ஸ் மலையின் பழைய அணைகளில் நடுப்பகுதியைப் புல்வேர் மண்ணால் அடைப்பது வழக்கம். இங்கே அப்படியின்றி வெளிப்புறம் பெரிய கருங்கற்களையும், நடுவில் கருங்கல் உதிர்ந்து உண்டான நறுமணலையும் இட்டுக் கெட்டித்தார்கள். அணையின் உயரம் 22 மீட்டர். ஏறத்தாழ 17 இலட்சம் கன மீட்டர் நீர் அதில் தேங்கும். மூன்று மாதம் மழை பொய்த்தாலும் சுரங்கச் சக்கரங்களைச் சுழற்ற அது போதுமானது. அது கட்டி முடிந்தபின் ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஜெர்மனியில் அதைவிடப் பெரிய அணை எதுவும் இல்லை. பெரிய இயந்திரங்கள் எவையும் இல்லாமல், கையாலும் மாட்டு வண்டியாலும் கட்டிய அணை, முந்நூறு ஆண்டுகள் கடந்து இன்றும் நிற்கிறது.

இந்த ஏரி, வாய்க்கால், சக்கரம் ஆகியவற்றுக்கெல்லாம் உடையவர் யார்? ஹனோவர் நாட்டை ஆண்ட அரசர். 1714-இல் அந்த அரசரே முதலாம் ஜார்ஜ் என்னும் பெயரில் பிரிட்டனுக்கும் மன்னரானார். அவர் கொள்ளுப்பேரன் மூன்றாம் ஜார்ஜ். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றியபோது பிரிட்டனின் அரியணையில் இருந்தவர் அவரே. ஹார்ட்ஸ் மலையின் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் அவரே மேலாட்சியாளர். ஆக, நமது நாட்டின் வரலாறும் அந்தக் காட்டாற்றின் வரலாறும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன.

இனி, சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளியைப் பார்ப்போம். அவன் காலையில் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி ஏணியாக இறங்க வேண்டும். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், ஐந்நூறு மீட்டர் என்று ஆழம் கூடக் கூட இறங்கும் நேரமும் கூடியது. வேலை முடிந்து களைத்தபின் அதே ஏணிகளில் மணிக்கணக்காக மேலே ஏற வேண்டும். வெந்நீரில் நனைந்ததுபோல் வியர்வையில் நனைந்து மேலே வந்தவனைப் பனிக்காற்று தாக்கும். கல்தூசியும் விளக்குப்புகையும் ஏற்கெனவே அவன் நெஞ்சை அரித்திருக்கும். நாற்பது வயதிலேயே மூச்சு வாங்கி, ஏணி ஏற முடியாமல் போனவர்கள் பலர்.

இந்தத் துன்பத்தைக் குறைக்க ஒரு வழி பிறந்தது. 1833-ஆம் ஆண்டில் டோரெல் என்னும் சுரங்க அதிகாரி, நீர்ச்சக்கரத்தின் ஆற்றலையே மனிதரை ஏற்றவும் பயன்படுத்தினார். சுரங்கத்தில் இரண்டு நீண்ட தண்டுகள் அருகருகே தொங்கும். ஒன்று மேலே போகும்போது மற்றொன்று கீழே வரும். இரண்டிலும் கால் வைக்கப் படிகள் உண்டு. தொழிலாளி ஒரு தண்டின் படியில் நின்று சிறிது தூரம் மேலே செல்வான். அது நிற்கும் நொடியில் பக்கத்துத் தண்டின் படிக்கு மாறிக்கொள்வான். அது அவனை இன்னும் மேலே கொண்டுசெல்லும். இப்படி மாறி மாறி அடியெடுத்து வைத்தே நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறிவிடலாம். கால் தவறினால் உயிர் தப்பாது என்பதும் உண்மைதான். ஆயினும் ஏணி ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த ஆண்டு, 1834-இல், ஆல்பர்ட் என்னும் மற்றொரு சுரங்க அதிகாரி கிளவுஸ்தால் ஊரில் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். அதற்குமுன் சணல் வடமும் இரும்புச் சங்கிலியும்தான் இருந்தன. சணல் இற்றுப்போகும். சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் முழுச் சங்கிலியும் வீழும். முறுக்கிய கம்பி வடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். இன்று கிள்ளான் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் ஓடுவதும், அடுக்குமாடி மின்தூக்கிகளை இழுப்பதும் அந்தக் கம்பி வடத்தின் வழிவந்தவையே. சாம்சன் சுரங்கத்திலும் 1837 முதல், கம்பி வடத்தில் படிகள் பொருத்திய அந்த ஏறு கருவி வேலை செய்யத் தொடங்கியது. 12 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதை இயக்கியது. அந்தச் சக்கரத்தின்மேல் விழுந்தது, ஓடர் ஏரியிலிருந்து ரேபெர்க் வாய்க்கால் வழியாக வந்த அதே பழுப்புநீர்.

தொழிலாளியின் குடும்பம் எப்படி வாழ்ந்தது? வெள்ளி தோண்டியவன் வீட்டில் வெள்ளி இல்லை. பள்ளி வயதுச் சிறுவர்கள்கூடத் தாதுக்கல்லை உடைக்கும் ஆலைகளில் கல் பொறுக்கினார்கள். பெண்கள் முதுகில் பெரிய கூடையைச் சுமந்துகொண்டு மலைப்பாதைகளில் ஊருக்கு ஊர் பொருள் கொண்டுசென்றார்கள். மாலையில் வீட்டில் மற்றொரு வேலை காத்திருக்கும். ஆந்திரியாஸ்பர்க் வீடுகளில் கேனரி என்னும் சிறிய மஞ்சள் பறவைகளை வளர்த்தார்கள். அவற்றுக்கு இனிமையாகப் பாடப் பழக்கினார்கள். பறவைக்கான சின்னஞ்சிறு மரக்கூண்டுகளைக் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து செய்தது. அந்தப் பறவைகள் வணிகர்களின் முதுகில் ஏறி நாடு நாடாகப் போயின. கப்பலில் அமெரிக்கா வரையிலும் போயின. சம்பளம் போதாதபோது கோழியும் மாடும் வளர்த்துக் குடும்பத்தைக் காத்த நம் தாய்மார்கள் இதை நன்றாக உணர்வார்கள்.

தொழிலாளர் நலனுக்காக எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஓடர் அணை கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1719 முதல் 1722 வரை, மலையடிவாரத்து ஓஸ்டரோடே ஊரில் ஒரு பெரிய தானியக் களஞ்சியம் கட்டப்பெற்றது. விலை ஏறினாலும் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் குறித்த விலையில் அங்கிருந்து தானியம் கொடுத்தார்கள். இதில் இரக்கமும் உண்டு, கணக்கும் உண்டு. பசித்தவனால் வெள்ளி தோண்ட முடியாது அல்லவா?

அதைவிடப் பழைமையான ஒன்றும் ஹார்ட்ஸ் மலையில் பிறந்தது. கோஸ்லார் நகருக்கு அருகே ராமெல்ஸ்பெர்க் என்னும் சுரங்கம் இருக்கிறது. அங்கு நோயுற்ற தொழிலாளர்களுக்கும் ஏழைகளுக்கும் உதவுவதற்கென ஒரு சகோதரச் சங்கம் இருந்ததை 1260-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று கூறுகிறது. ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகக் காசு போட்டு, அடிபட்டவனையும் கைம்பெண்ணையும் அநாதைப் பிள்ளையையும் தாங்கும் வழக்கம் சுரங்கத் தொழிலாளர்களிடையே இப்படித்தான் வேரூன்றியது. பிற்காலத்தில் ஜெர்மனியின் சமூகக் காப்புறுதிச் சட்டங்களுக்கு இந்த வழக்கமே ஒரு முன்னோடியாயிற்று. நமது நாட்டில் ஊழியர் சேமநிதி 1951-இலும், சொக்சோ 1971-இலும் தொடங்கின. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று காணும்போது சிலர் முகம் சுளிக்கிறோம். அந்தப் பிடித்தத்துக்குப் பின்னால் எழுநூறு ஆண்டுக் கண்ணீர் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தச் சுரங்க நாட்டின் பிள்ளை ஒருவரையும் இங்கே நினைக்கலாம். 1843-இல் கிளவுஸ்தால் ஊரில் ஒரு சுரங்க அதிகாரியின் வீட்டில் இராபர்ட் காக் பிறந்தார். காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டுபிடித்தவர் அவரே. பின்னர் இந்தியாவுக்கு வந்து, 1884-இல் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை உறுதி செய்தவரும் அவரே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தோட்டத்து மருந்தக உதவியாளர்கள் சொல்லி வந்ததன் பின்னணியில் அத்தகையோரின் உழைப்பு இருந்தது.

மீண்டும் ஆற்றுக்கு வருவோம். சுரங்கத்தால் ஆறு வாழவும் வைத்தது, கெடவும் செய்தது. தாதுக்கல்லை இடித்துக் கழுவிய சேறு ஆறுகளில் கலந்தது. அதில் காரீயமும் பிற உலோகங்களும் இருந்தன. நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயம். காரீயம் வேறு, அது உடலுக்கு நஞ்சு. வெள்ளம் வரும்போதெல்லாம் அந்தச் சேறு வயல்களில் படிந்தது. சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும், ஹார்ட்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் கரைமண்ணில் அந்த நஞ்சு இன்னும் இருக்கிறது. வெள்ளி எங்கோ போய்விட்டது. நஞ்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

மலையை விட்டு இறங்கும் இடத்தில் லவுட்டர்பெர்க் என்னும் ஊர். அங்கே 1733-இல் அரசரின் இரும்பாலை ஒன்று தொடங்கியது. அதன் துருத்திகளும் சம்மட்டிகளும்கூட ஆற்றுநீரால் இயங்கின. அந்த ஊருக்கு மேலே 1930 முதல் 1933 வரை மற்றொரு பெரிய அணை கட்டினார்கள். ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் நீர் கொள்ளும் அணை அது. வெள்ளத்தைத் தடுப்பதும், கோடையில் ஆற்றில் நீர் குறையாமல் காப்பதும், மின்சாரம் எடுப்பதும் அதன் நோக்கங்கள்.

அதற்கும் கீழே ஆறு ஒரு வேடிக்கை காட்டுகிறது. அங்கே நிலத்தடியில் தண்ணீரில் கரையும் பாறைகள் உள்ளன. ஆற்றுநீரில் ஒரு பகுதி படுகை வழியாகவே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. வறண்ட கோடையில் சில இடங்களில் வெறும் கற்கள்தான் தெரியும். அந்த நீர் எங்கே போகிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுநீரில் சாயம் கலந்து பார்த்தார்கள். மலைமுகட்டுக்கு அப்பால், ரூமே என்னும் பெரிய ஊற்றில் அந்தச் சாயம் வெளிவந்தது. நொடிக்குச் சராசரி 2,000 லிட்டர் நீர் பொங்கும் ஊற்று அது. மண்ணுக்குள் மறைந்த ஓடர், பெயர் மாறி வேறோரிடத்தில் எழுந்து வருகிறது. மண்ணுக்கு மேலே ஓடும் பகுதியும் கடைசியில் அந்த ரூமே ஆற்றிலேயே கலக்கிறது. ரூமே லைனெயிலும், லைனெ ஆல்லரிலும், ஆல்லர் வேசரிலும் சேர்ந்து வடகடலை அடைகின்றன.

காட்டின் கதையையும் சொல்ல வேண்டும். பழங்காலத்தில் அந்த மலையின் சரிவுகளில் பீச் முதலிய பலவகை மரங்கள் நிறைந்திருந்தன. சுரங்கத்துக்கு முட்டுக்கட்டையும், உலைகளுக்குக் கரியும் வேண்டி அவற்றை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு முதல், விரைவில் நெடுநெடுவென வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை மட்டும் நிரை நிரையாக நட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் பெருமளவில் வெட்டி, மீண்டும் அதே மரத்தை நட்டார்கள். ஒரே மரம், ஒரே வயது, ஒரே உயரம்.

2018-ஆம் ஆண்டு முதல் கடும் வறட்சி தொடர்ந்து வந்தது. அரிசி மணி அளவேயான ஒரு வண்டு மரப்பட்டையைத் துளைத்து உள்ளே புகுந்தது. பால் மரத்தைச் சீவினால் பால் வடிவதுபோல, அந்த மரம் காயம் பட்டால் பிசினைச் சுரக்கும். நன்றாக நீர் குடித்த மரம் அந்தப் பிசினிலேயே வண்டை மூழ்கடித்துவிடும். வறட்சியில் வாடிய மரத்தால் பிசின் சுரக்க முடியவில்லை. பட்டைக்கு அடியில் உணவு ஓடும் பகுதியை வண்டு தின்றது. மலை மலையாக மரங்கள் பட்டுப்போய்ச் சாம்பல் நிறமாக நின்றன. பட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கத்தி முனையால் அறிந்த நம் பால் வெட்டும் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே மரத்தை நம்பிய காடு ஒரே வண்டுக்கு இரையானது. இப்போது அந்தப் பட்ட மரங்களுக்கு இடையே பிர்ச், ரோவன் முதலிய மரங்கள் தாமாகவே முளைத்து வருகின்றன. பீச் கன்றுகளையும் நட்டு வருகிறார்கள். பலவகை மரங்கள் கலந்த காடு மீண்டும் எழும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சாம்சன் சுரங்கம் 1910-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வெள்ளியின் விலை வீழ்ந்தது, தாதும் குறைந்தது. அத்தோடு ஊர் அழிந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் இருந்தது. சுரங்கத்துக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் நீரைச் சுரங்கக் குழிக்குள்ளேயே விழச் செய்து, ஆழத்தில் மின் இயந்திரங்களை அமைத்தார்கள். அந்த ஏறு கருவியையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடாமல் காத்தார்கள். உலகில் இன்னும் வேலை செய்யும் நிலையில் உள்ள அத்தகைய கருவி அது ஒன்றுதான். இன்று அந்தச் சுரங்கம் ஓர் அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சக்கரத்தைப் பார்க்கிறார்கள். கோடையில் மக்கள் ஓடர் ஏரியில் நீந்தி மகிழ்கிறார்கள். ரேபெர்க் வாய்க்காலின் ஓரமாகக் காவலர் நடந்த பாதையில் இன்று குடும்பங்கள் உலாவச் செல்கின்றன. 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், மேல் ஹார்ட்ஸ் பகுதியின் இந்த நீர் அமைப்பு முழுவதையும் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நேயர்களே, இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. யுனெஸ்கோ போற்றியது அரண்மனையை அல்ல, ஆலயத்தை அல்ல. தொழிலாளர் வெட்டிய கால்வாயை, தொழிலாளர் கட்டிய மண்ணணையை, தொழிலாளர் கால் வைத்து ஏறிய படிகளை. அவை ஏன் நிலைத்தன? சுரங்கம் மூடியபோது, "இனி இது எதற்கு?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் "இது எங்கள் அப்பன் பாட்டன் செய்த வேலை" என்று எண்ணிக் காத்தவர்களும் இருந்தார்கள். கணக்கேடுகளையும் வரைபடங்களையும் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் ஓர் அணை எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த ஆண்டில் முடிந்தது என்று இன்று நான் இங்கிருந்து உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

நம் நிலை என்ன? நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்கள் பல இன்று இல்லை. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயம் இருந்த இடத்தில் நெடுஞ்சாலை ஓடுகிறது. பெரட்டுக் களம் எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது, ஆற்றின் குறுக்கே பாலம் போட்டவர்கள் யார், கான் வெட்டிச் சதுப்பை வடித்தவர்கள் யார் என்று கேட்டால், சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு அந்த வரலாறும் போகிறது. அது எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே, தாய்மார்களே, பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகளை அருகில் உட்கார வையுங்கள். உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதன் வழியாக ஓடிய ஆற்றின் பெயரைச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள். பிள்ளைகளே, நீங்கள் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, தாத்தா பாட்டி சொல்வதை ஆண்டோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு படமும் வரையுங்கள். லயம் இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, கோவில் இங்கே, ஆறு இங்கே என்று குறியுங்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்தச் சிறுவனுக்கு மறுநாள் நான் ஓடர் ஆற்றின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அப்படியென்றால் நம்முடைய ஆற்றின் கதையை யார் எழுதுவது சார்?" என்றான். நான் சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்தேன்.